துணிவு என்னும் சொல்லும் இரட்சணிய யாத்திரிகமும்

துணிதல் என்னும் வினைக்குத் தமிழில் மூன்று பொருள் வழங்குகின்றன. வெட்டுண்டு பிரிதல் ஒன்று. ஐயம் நீங்கி முடிவு காணுதல் மற்றொன்று. அஞ்சாது ஒன்றில் இறங்குதல் பின்னுமொன்று. நெய்த பாவிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டது துணி, ஆராய்ந்து கண்ட முடிபு துணிபு, அஞ்சாமை துணிவு. வேறு வேறு சொற்களால் சுட்டப்படத்தக்க மூன்று நிகழ்ச்சிகளைத் தமிழ் ஒரே வேரில் முடிந்து வைத்திருப்பது தற்செயல் அன்று. மனிதன் உண்மையாக ஒரு முடிவுக்கு வரும்போது ஏதோ ஒன்றிலிருந்து அறுபட்டே வருகிறான். அறுபடும் நோவைப் பொறுப்பதற்கே அஞ்சாமை வேண்டப்படுகிறது.

வள்ளுவர் இச்சொல்லை ஆளும்போது முதலில் எண்ணம், பிறகு இறங்குதல் என்று முறை வகுக்கிறார். இறங்கிய பின் எண்ணிக்கொள்ளலாம் என்பது அவருக்கு இழுக்கு. அரசியலுக்கும் வாணிகத்துக்கும் இம்முறை பொருந்துவதில் ஐயமில்லை. ஆனால் சமயத் துறையில் ‘அழைப்பு’ என்று சொல்லப்படும் அனுபவம் இம்முறைக்கு எளிதில் அடங்குவதில்லை. கத்தோலிக்கர் இறை அழைத்தல் என்பர். சீர்திருத்தச் சபையார் ஊழிய அழைப்பு என்பர். பெயர் எதுவாயினும் அழைக்கப்பட்டவன் எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டுப் புறப்பட்டதாகக் கிறிஸ்தவத் திருமறை பெரும்பாலும் சொல்வதில்லை. மோசே தன் வாய் திக்குவாய் என்று சாக்குச் சொன்னான். எரேமியா தான் சிறுபிள்ளை என்றான். யோனா எதிர்த்திசையில் கப்பல் ஏறினான். பெருஞ்செல்வனாகிய ஓர் இளைஞன் துக்கத்தோடு திரும்பிப் போனான். வலைகளை விட்டுவிட்டு உடனே எழுந்து சென்ற மீனவர்களைப் பற்றியே சபைகளில் அதிகம் பேசப்படுகிறது. தயங்கியவர்களின் கதைகள்தாம் எண்ணிக்கையில் மிகுதி.

அவ்வாறு தயங்கியவர்களுள் ஒருவர் தமிழில் ஒரு காப்பியம் எழுதினார். அவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவருடைய இரட்சணிய யாத்திரிகம் இன்று பெரும்பாலும் தேர்வுக் குறிப்பாகவே வாழ்கிறது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள், ஜான் பன்யனின் ஆங்கில நூலின் வழிநூல், ஆசிரியர் ‘கிறித்தவக் கம்பர்’. மாணவன் இவ்வளவையும் ஒப்புவித்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. காப்பியத்தின் நடுவே நிற்கும் வினா அவனுக்குச் சொல்லப்படுவதே இல்லை. ஒருவன் தான் மெய்யென்று கண்டதற்குத் தன்னைக் கொடுத்துவிடும் துணிவை எங்கிருந்து பெறுகிறான் என்பதே அவ்வினா. கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கையையும் பன்யனின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி அதற்கு இந்நூல் அளிக்கும் விடை விளங்காது.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். கம்பராமாயணம் அவ்வீட்டில் பாடநூலாக இருக்கவில்லை. அன்றாட வழிபாட்டின் பகுதியாகவே இருந்தது. தந்தையிடம் கேட்டதும், பின்னர்த் திருப்பாற்கடல்நாதக் கவிராயரிடம் முறையாகக் கற்றதும் சேர்ந்து இளமையிலேயே அவரைப் புலவராக்கின. 1853இல் சாயர்புரத்தில் மிஷனரிமார் நடத்திய கல்விக்கூடத்துக்குத் தமிழாசிரியராகச் சென்றார். சென்றபோது அவர் நெற்றியில் திருமண் இருந்தது. கிறிஸ்தவராக அன்று, தமிழறிந்தவராகவே அவர் பணிக்கு அமர்த்தப்பட்டார். ஐந்தாண்டுகள் கழித்து, 1858 ஏப்ரல் 18ஆம் நாள், சென்னை மயிலாப்பூரில் உள்ள தூய தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். முப்பத்தொன்றாம் பிறந்தநாளுக்கு அப்போது ஐந்து நாள்களே இருந்தன.

இந்த ஐந்தாண்டுகளைத்தான் திறனாய்வாளர் பலர் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றனர். அக்காலத் திருநெல்வேலியை நினைவில் கொண்டால் அவற்றின் பாரம் விளங்கும். 1840களில் அங்கு விபூதிச் சங்கம் என்ற பெயரில் மிஷனரிமாருக்கு எதிரான இயக்கம் எழுந்து, கிறிஸ்தவர் வாழ்ந்த ஊர்கள் தாக்குண்டன. கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்ற அதே 1858இன் இறுதியில் ஒரு கிறிஸ்தவரின் பிணத்தைத் தெரு வழியே எடுத்துச் செல்வது பற்றி மூண்ட பூசல் கலகமாகித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மேல்சாதி எனப்பட்ட குடியில் பிறந்தவன் சமயம் மாறினால் அவன் இழப்பது கோயிலை மட்டும் அன்று. உண்ணும் பந்தி, பெண் கொடுக்கல் வாங்கல், தாயின் ஈமக்கடனில் தனக்குரிய இடம் ஆகியவற்றோடு சொந்தத் தெருவில் நடக்கும் உரிமையும் போய்விடும். அவருடைய தம்பி முத்தையா பிள்ளை அண்ணனுக்கு முன்னரே துணிந்துவிட்டார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தம்பி சென்ற வழியில் அண்ணன் தயங்கி நின்றார். அறிவு ஒப்புக்கொண்ட பிறகும் கால் எழவில்லை. அவர் முழுக்குப் பெற்ற ஆலயம் பிறந்த மாவட்டத்தில் இல்லாமல் தொலைவில் சென்னையில் இருந்ததையும் இத்தயக்கத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இதனைக் கோழைமை என்று சொல்வார் உளர். அவர்கள் பன்யனின் சிறைக் குறிப்பைப் படிக்கவில்லை என்றே கருத வேண்டும்.

ஜான் பன்யன் (1628 - 1688) பெட்பர்டு நகர்ப்புறத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்துப் பிழைத்தவர். கல்லூரி கண்டவர் அல்லர். அரசின் உரிமமின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660 நவம்பரில் சிறைப்பட்டு, 1672 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார். இனிப் பிரசங்கம் செய்யேன் என்று ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். வீட்டில் இளம் மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்தனர். மூத்த பெண் மேரி பிறவிக் குருடு. 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில் அக்காலத்து மனநிலையை அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். குடும்பத்தைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து தசையைப் பிய்த்தெடுப்பது போல் இருந்தது என்கிறார். தம் மனைவி மக்கள் உள்ளே இருக்க, அவர்கள் தலைமேலேயே தம் வீட்டை இடித்துத் தள்ளுகிறவனைப் போலத் தம்மைக் கண்டதாகச் சொல்கிறார். அப்படியும் செய்தே ஆக வேண்டும் என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டதாகவும் எழுதுகிறார். அவ்விடத்தில் அவர் நினைவுக்கு வந்த உவமை இரண்டு கறவைப் பசுக்கள். பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பியனுப்பியபோது, கன்றுகளைத் தொழுவில் அடைத்துவிட்டுத் தாய்ப்பசுக்களை வண்டியில் பூட்டினர் என்பது சாமுவேலின் ஆகமத்தில் வரும் வரலாறு. அப்பசுக்கள் வலமோ இடமோ விலகவில்லை. போகும் வழியெல்லாம் கதறிக்கொண்டே போயின.

கதறிக்கொண்டே நேராகப் போன அப்பசுக்கள்தாம் பன்யன் கண்ட துணிவு. கதறல் நின்ற பிறகு நடக்கவில்லை. நடக்கத் தொடங்கியதால் கதறல் நிற்கவும் இல்லை. கன்றை இழந்த பசுவின் குரலுக்காக அரசன் தேர்க்காலில் தன் மகனையே கிடத்திய கதையைச் சொல்லி வளர்ந்த இனத்துக்கு இவ்வுவமையின் வலி எளிதில் புரியும். வீரம் என்பது விழி இமையாமை என்ற புறத்திணை மரபு மட்டும் கைவசம் இருந்தால் இது புரியாது.

இப்பின்னணியோடு 1678இல் வெளிவந்த பன்யனின் கதையைத் திறந்தால் அதன் முதற்காட்சி புதிதாகத் தெரிகிறது. கந்தல் உடுத்த ஒருவன் முதுகில் சுமையுடன், கையில் ஒரு நூலுடன், தன் வீட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். தன் நகரம் அழியப்போகிறது என்று அறிந்தும் அவன் ஓடவில்லை. எந்தத் திசையில் ஓடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வழிகாட்டி வந்து, தொலைவில் தெரியும் சிறு வாயிலைப் பார்க்கிறாயா என்று கேட்கிறான். இல்லை என்கிறான் அவன். அப்படியானால் அங்கே ஒளி தெரிகிறதா என்று வழிகாட்டி மீண்டும் வினவுகிறான். தெரிகிறது போலிருக்கிறது என்பதே அவன் மறுமொழி. போலிருக்கிறது என்ற அந்த அரைகுறை விடையைக் கைக்கொண்டு அவன் ஓடத் தொடங்குகிறான். வாயில் தெரிந்த பிறகு ஓடவில்லை; ஒளியும் உறுதியாகத் தெரியவில்லை. வள்ளுவர் வகுத்த எண்ணம் இங்கு இல்லாமற் போகவில்லை. எண்ணம் எட்டும் எல்லை வரை எட்டி, அதற்கப்பால் காலுக்கு வழிவிடுகிறது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் வாழும் தமிழ் மாணவன் ஒருவனுக்கு இக்காட்சியை விளக்க ஆசிரியர் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. பிரிஞ்சாங்கைக் கடந்து சென்றால் கியா பார்ம். சரிவு முழுதும் படிப்படியாக வெட்டிய காய்கறிப் பாத்திகள்; சாலையோரத்தில் கோசும் தக்காளியும் சோளமும் விற்கும் சந்தை. அங்கிருந்து குறுகலான சாலையொன்று சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்துக்கும் ஏறுகிறது. மூடுபனி இறங்கும் காலையில் எதிர்ச் சரிவில் உள்ள விளக்கு இருக்கிறதா இல்லையா என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. எனினும் பிரட்டுக்குப் போகிறவன் அது இருக்கிறது என்று கொண்டே நடந்திருக்கிறான். 1929இல் போ நிறுவனம் இம்மலைகளில் தேயிலை பயிரிட்ட நாள் தொட்டு அவ்வாறு நடந்த கால்கள் பெரும்பாலும் தமிழ்க் கால்கள். இன்று கொழுந்து பறிக்கும் வேலைக்கு வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதியாக வந்துவிட்டனர்.

ஆனால் இதே மாணவன்தான் இக்கதைக்கு எதிரான மிக வலிய தடையையும் எழுப்பக்கூடியவன். அவன் முன்னோரும் ஊரை விட்டுப் புறப்பட்டவர்களே. அவர்களை அழைத்தது இறைவன் அல்லன், கங்காணி. துணிவு அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. பசியும் கடனும் முடிவு செய்தன. அத்தகையோரின் பேரன், மனைவி மக்கள் பின்னால் கூவி அழைக்க, காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடும் ஒருவனை எப்படிப் பார்ப்பான்? போனவன் திரும்பாத வீடுகள் லயங்களில் அவனுக்குத் தெரியும். மேலும், தோட்டத்து வீடு வேலைக்கு உரியது. வேலை நின்றால் கூரையும் போய்விடும் என்பது மலேசியத் தோட்டப்புறத்தின் நீண்டகால நடைமுறை. அங்கே ஓர் இளைஞன் குருத்துவத்துக்கோ போதக ஊழியத்துக்கோ தான் அழைக்கப்பட்டதாக உணர்ந்தால், பினாங்கில் 1808 முதல் குருமடம் இருக்கிறது என்பதும், 1979இல் மலேசியாவுக்கென்று இறையியல் கல்லூரி ஒன்று தோன்றியது என்பதும் அவனுக்குப் பாதி விடைதான். மீதிப் பாதி, அவன் சம்பளத்தை நம்பியிருக்கும் தாயின் முகம். வீட்டை அவர்கள் தலைமேல் இடிப்பது என்ற பன்யனின் சொல் அங்கே உவமையாக நிற்பதில்லை, நடக்கக்கூடிய செய்தியாகிவிடுகிறது.

இத்தடையைப் பொருட்படுத்தாத திறனாய்வு நேர்மையுள்ளதாகாது. தமிழ் மரபில் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை உண்டு; அது துறவு. பட்டினத்தார் துறந்தார், மணிமேகலை துறந்தாள், அரசுரிமையைத் துறந்ததாகச் சொல்லப்படும் இளங்கோவடிகள் காப்பியமே செய்தார். ஆகவே யாத்திரிகனையும் துறவியாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று தோன்றும். கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கை அவ்விடைக்கு இடம் தரவில்லை. அவர் துறவி ஆகவில்லை. முழுக்குப் பெற்ற பிறகு சென்னையில் தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவராகவும் உழைத்தார். மீண்டும் திருநெல்வேலிப் பக்கம் திரும்பினார். பின்னாளில் திருவனந்தபுரத்திலும் கற்பித்தார். குடும்பம், ஊதியம், வகுப்பறை எல்லாம் இருந்தன. அழைப்புக்கு இணங்குதல் என்பது வீட்டை விட்டு ஓடுவதாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்குக் காப்பியத்தை விடக் காப்பிய ஆசிரியரே சான்று. பன்யனும் இக்குறையை உணர்ந்திருக்க வேண்டும். 1684இல் அவர் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் விட்டுவரப்பட்ட மனைவியும் மக்களும் அதே வழியில் புறப்பட்டு வருகின்றனர். அவர்களுடைய நடை மெதுவானது. துணைக்கு ஆள் உண்டு. வழியில் திருமணமும் விருந்தும் உண்டு. இரட்சணிய யாத்திரிகம் முதற்பாகத்தையே தழுவியது. தமிழ் வாசகனுக்கு மிகவும் வேண்டியிருந்த விடை தமிழ்க் காப்பியத்துக்குள் வராமற்போனது ஓர் இழப்பே.

கிருஷ்ண பிள்ளையின் உண்மையான இரண்டாம் துணிவு வேறோர் இடத்தில் இருக்கிறது. அவர் முழுக்குப் பெற்றது 1858. காப்பியம் முதற்பதிப்பாக வெளிவந்தது 1894 மே மாதம். நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, ஆசிரியரின் அறுபத்தேழாம் வயதில் அது நூலாயிற்று. முதல் துணிவுக்கு ஐந்தாண்டு பிடித்தது; இதற்கு முப்பத்தாறு ஆண்டு. காரணம் சோம்பல் அன்று. சமயம் மாறியவர் முன் அக்காலத்தில் ஒரு கேள்வி இருந்தது: கம்பனை என்ன செய்வது? பழைய நம்பிக்கையிலிருந்து அறுபட்டவன் பழைய தமிழிலிருந்தும் அறுபட வேண்டும் என்று எண்ணியவர்கள் இருபக்கமும் இருந்தனர். சபைக்குள் இருந்தோர் சிலர்க்குக் கம்பனின் சந்தம் பழைய வழிபாட்டின் வாசனையாகப் பட்டிருக்கும். வெளியே இருந்தோர் சிலர்க்கு அது மதம் மாறியவனின் களவாகப் பட்டிருக்கும். இவ்விருவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு கிருஷ்ண பிள்ளை கம்பனின் யாப்பையும் வருணனை முறையையும் பக்தியின் சொல்வளத்தையும் தம்முடன் எடுத்துக்கொண்டே நடந்தார். ஆற்றுப்படலம் போன்ற அமைப்புகளைக் கண்டு ‘கிறித்தவக் கம்பர்’ என்று பாராட்டுவோர் இதனைப் போலச் செய்தலாக்கிவிடுகின்றனர். எதிலிருந்து துணிய வேண்டும், எதிலிருந்து துணியக் கூடாது என்று பகுத்தறிந்ததே அவருடைய சாதனை. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள போற்றித் திருவகவலின் பெயரையே தம் நூலொன்றுக்குச் சூட்டவும் அவர் தயங்கவில்லை. வைணவத்தில் பிறந்து கிறிஸ்தவத்தில் முழுகியவர் சைவத்தின் வடிவத்தை எடுத்து ஆண்டிருக்கிறார். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் முன்னரே இவ்வழியைத் திறந்திருந்தன. ஆயினும் முன்னவர் அயல்நாட்டார். பின்னவர் பிறப்பாலேயே இசுலாமியர். அறுபட்ட புண்ணோடு வந்து அதே மொழியைக் கையாண்டவர் கிருஷ்ண பிள்ளை.

எனினும் இதற்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. கம்பனின் மரபு தலைவனுக்கு ஒரு நிமிர்வைக் கேட்கிறது. வருணனையும் உவமையும் அடுக்கடுக்காக எழும்போது, பன்யனின் ஈயம் பற்றவைப்பவனுடைய கொச்சைப் பேச்சில் இருந்த நடுக்கம் பட்டாடை உடுத்துக்கொள்கிறது. ‘தெரிகிறது போலிருக்கிறது’ என்ற தட்டுத்தடுமாறும் மறுமொழிக்குச் செய்யுள் அவ்வளவு எளிதாக வாய் கொடுப்பதில்லை. காப்பியத்தை முதலிலிருந்து முறையாகப் படிப்போர் சிலர் யாத்திரிகனை உயர்ந்தவனாகக் காண்கிறார்களேயன்றித் தம்மில் ஒருவனாகக் காணாமைக்குக் காரணம் இதுவே.

கிருஷ்ண பிள்ளை இதனை உணர்ந்தே இரண்டு மாற்றங்களைச் செய்தார் எனலாம். அவ்விரண்டும் நூலின் மிகச் சிறந்த பகுதிகளாக அமைந்தன.

முதலாவது, குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடியது. பன்யனில் சிலுவைக் காட்சி மிகச் சிறியது. யாத்திரிகன் மேட்டில் ஏறுகிறான். சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. சில வரிகளில் கதை நகர்ந்துவிடுகிறது. ஆங்கில வாசகன் அக்கதையைப் பிள்ளைப்பருவம் முதல் அறிந்தவன். அவனுக்கு அது போதும். தமிழில் அக்கதையே புதிது. இரட்சணிய சரிதப் படலத்தில் கிருஷ்ண பிள்ளை நின்று பாடுகிறார். கட்டுண்டவர் மறுசொல் பேசாமல் நிற்கிறார், காவலர் ஏளனம் செய்கின்றனர், முள்முடி சூட்டுகின்றனர், காண்போர் சிலர், வானம் இடிந்து விழாததும் கடல் வற்றாததும் ஏன் என்று புலம்புகின்றனர். அந்தப் புலம்பல் பன்யனுடையது அன்று. தமிழ்க் கையறுநிலையின் குரல் அது. துணிவு எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்குக் காப்பியம் தரும் விடை இப்படலத்தின் இடஅமைப்பிலேயே உள்ளது. தன் நெஞ்சை உற்றுப் பார்த்துத் துணிவு தேடுபவன் அங்கே அச்சத்தையே காண்பான். தனக்கு முன்னே கட்டுண்டு நிற்பவரைப் பார்க்கிறவன் தன் அச்சத்தை மறக்காவிட்டாலும் அதனை எண்ணிக்கொண்டிருக்க நேரமற்றவன் ஆகிறான். யாத்திரிகனின் தலைக்குமேல் நின்று ‘அஞ்சாதே’ என்று அறிவுரை கூறும் பாடல்களை விட, அஞ்சத்தக்கதை ஒருவர் தாங்கி நிற்கும் இக்காட்சிக்குப் பன்மடங்கு ஆற்றல் இருக்கிறது.

இரண்டாவது, காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரங்கள். கதை சொல்லும் விருத்தங்களில் வர மறுத்த நடுக்கம் இப்பதிகங்களில் தடையின்றி வருகிறது. இவை வேண்டுகின்றன, தம் தகுதியின்மையைச் சொல்லிக் கரைகின்றன, கைவிடாதே என்று இரக்கின்றன. மூவர் தமிழில் பழகிய இசையமைதி இருத்தலால் கூட்டமாகப் பாடுவதற்கும் இயைந்தன. காப்பியத்தைக் கையால் தொடாதவரும் இவற்றைப் பாடினர். மதிப்பீடு என்று வரும்போது, பெருங்காப்பியத்தை விட அதனுள் பொதிந்த இச்சிறு பதிகங்களே நீண்டு வாழும் எனல் தவறாகாது. தோட்டக் கோயில்களிலும் உபதேசியார் வருகை தந்த லயத்து வாசல்களிலும் தமிழ்க் கிறிஸ்தவம் பாட்டாகவே பரவியது. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலி உபதேசியார்களைக் கொண்டே காலூன்றியது. மலைமலையாக நடந்த அவ்வுபதேசியார்களின் பெயர்களை இலக்கிய வரலாறு குறிப்பதில்லை. கிருஷ்ண பிள்ளை சாயர்புரத்தில் தயங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்கள் புறப்பட்டிருந்தனர்.

ஒரு பருவத்துக்கு நிதான பருவம் என்று பெயரிட்டதும் கருதத்தக்கது. பன்யன் தம் நூலைப் பருவங்களாகப் பிரிக்கவில்லை. இப்பெயர் கிருஷ்ண பிள்ளையின் தேர்வு. நிதானம் என்பது உண்மை தவறாமையையும் குறிக்கும். பதறாமல் மெதுவாகச் செல்லுதலையும் குறிக்கும். துணிவுக்கும் நிதானத்துக்கும் பகை என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ஐந்தாண்டு தயங்கியவரும் முப்பத்தாறு ஆண்டு எழுதாமல் எழுதியவருமான ஒருவர் அவ்வாறு எண்ணவில்லை என்பது வியப்பன்று.

பன்யனின் மலையேற்றக் காட்சி ஒன்றை இங்கு நினைக்க வேண்டும். செங்குத்தான மலையில் யாத்திரிகன் ஏறும்போது எதிரே இருவர் ஓடி வருகின்றனர். வழியில் சிங்கங்கள் என்று அலறுகின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை, சிங்கங்கள் இருக்கின்றன. அவை சங்கிலியால் கட்டுண்டிருப்பது மட்டும் அவர்கள் நின்ற தொலைவிலிருந்து தெரியாது. அருகே சென்றவனுக்கே தெரியும். கியா பார்மிலிருந்து சுங்கை பாலாஸ் ஏறும் சாலை கீழிருந்து பார்ப்பவனுக்கு வளைவுகளில் மறைந்து, ஒவ்வொரு வளைவிலும் முடிந்துபோவது போல் காட்டும். ஏறுகிறவனுக்கு அடுத்த வளைவு வரையே சாலை. அதற்குமேல் வேண்டியிருப்பதும் இல்லை. வகுப்பறையில் இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர், சிங்கங்கள் இல்லை என்று மாணவனுக்கு உறுதி கூறிவிடலாகாது. தாயின் கண்ணீரும் கூரையின் நிலையாமையும் உண்மையான சிங்கங்கள். சங்கிலியின் நீளம் எவ்வளவு என்பதைத் தொலைவில் நின்று அளக்க இயலாது என்பதையே நூல் சொல்கிறது.

பன்யனின் இரண்டாம் பாகத்தில் அச்சமே உருவான ஒரு முதியவர் வருகிறார். சேற்றுக் குழியின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்துக் கிடந்தார். கடக்கவும் மாட்டார், வீட்டுக்குத் திரும்பவும் மாட்டார். வாயிலுக்கு வந்தும் தட்டக் கை எழாமல் மற்றவர்க்கு வழிவிட்டு நின்றார். சிங்கங்களுக்கு அவர் அஞ்சவில்லை. தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பதற்கே அஞ்சினார். கடைசி ஆற்றை அவர் கடந்த நாளில் நீர் என்றும் இல்லாத அளவுக்கு வற்றியிருந்தது. கால் நனைந்ததற்குச் சற்றே கூடுதலாக நனைந்து அவர் அக்கரை சேர்ந்தார். பன்யனின் பாத்திரங்களுள் மிகுந்த பரிவோடு வரையப்பட்டவர் இவரே.

இரட்சணிய யாத்திரிகத்தில் இம்முதியவருக்குப் படலம் இல்லை. தாம் கிறிஸ்தவரான வரலாற்றைக் கிருஷ்ண பிள்ளை பிற்காலத்தில் தனியே உரைநடையில் எழுதிவைத்தார். காப்பிய அணிகள் எவையும் இல்லாத எழுத்து அது. 3,766 பாடல்களுக்கு வெளியே விடுபட்டுப்போன அப்படலத்தைத் தேடுவோர் அங்கேதான் செல்ல வேண்டும். கல்லூரிப் பாடத்திட்டங்கள் காப்பியத்திலிருந்து சில பாடல்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு அவ்வுரைநடையைத் தொடாமல் விட்டுவிடுகின்றன.